லாஸ்ட் கிங்டம்ஸ்: பாஸ்கிட்ட போறதுக்குள்ள டெக் காலி ஆயிடுது, என்ன பண்றது?

மூடுபனி88:

எல்லாருக்கும் வணக்கம். லாஸ்ட் கிங்டம்ஸ்னு ஒரு பழைய கேம்க்யூப் (நிண்டெண்டோவோட பழைய கேம் மெஷின்) கேம் கைக்கு கிடைச்சுது, 2002ல ஃப்ரம்சாஃப்ட்வேர் பண்ணது. பின்னாடி டார்க் சோல்ஸ் பண்ண அதே ஆளுங்கதான். அந்த பேரைப் பாத்துட்டுதான் போட்டேன், ஆனா இது சுத்தமா வேற ரகம். கறுப்பு மூடுபனி ஒண்ணு ஊர் ஊரா முழுங்கிட்டே வருது, ராஜா கிளம்பிப் போனவர் திரும்பல, அவர் பொண்ணு காட்டியா ரூன்ஸ்டோன்ங்கற மந்திரக் கல்லை எடுத்துக்கிட்டு கார்டுகளோட வெளிய கிளம்பறா. கதை இவ்ளோதான், மிச்சமெல்லாம் கார்டு கார்டு கார்டு.

விளையாடாதவங்களுக்காக சொல்லிடறேன். காட்டியா கைல வாளும் கிடையாது வில்லும் கிடையாது, கார்டு இல்லன்னா அவளால ஒரு எலியைக்கூட அடிக்க முடியாது. எந்நேரமும் கைல 4 கார்டு இருக்கும், கன்ட்ரோலர்ல பட்டனுக்கு ஒண்ணு, அழுத்தினா அந்த கார்டுல இருக்கற ஜந்து வந்து வேலையைப் பாக்கும், அந்த இடத்துக்கு டெக்ல இருந்து, அதாவது லெவலுக்குள்ள தூக்கிட்டுப் போற கார்டுக் கட்டுல இருந்து, அடுத்த கார்டு தானா வரும். டெக்குக்கு 30 கார்டு. டர்ன் பேஸ்டு (மாத்தி மாத்தி முறை வச்சு ஆடறது) கிடையாது, எல்லாம் ரியல் டைம், நீங்க யோசிச்சிட்டு நின்னா எதிரி அடிச்சிட்டுதான் இருப்பான்.

என் பிரச்சினை இதுதான். புதுசா ஒரு ஜந்து கிடைச்சா உடனே அதை டெக்ல போடணும்னு கை பரபரன்னு இருக்கு. இப்போ என் டெக்ல கிட்டத்தட்ட எல்லாத்துலயும் ஒண்ணொண்ணு இருக்கு. சின்ன லெவல்னா ஓடிடுது, நீளமான லெவல்னா பாஸ் (லெவல் கடைசில வர்ற பெரிய எதிரி) கதவு வரும்போது கைல நாலஞ்சு உருப்படாத கார்டுதான் மிச்சம். ஒவ்வொரு கார்டுக்கும் விலையா செலவாகற மாயக் கல்லும் தீந்துபோயிடுது, கல் இல்லாம கார்டு எறிஞ்சா காட்டியா உயிர்ல இருந்து பிடிச்சுக்குது, அப்புறம் பாஸ் ஒரு தட்டு தட்டினா முடிஞ்சுது கதை.

எந்த மாதிரி கார்டை எவ்ளோ வச்சுக்கணும்? பாக்கற ஜந்தை எல்லாம் கார்டா பிடிக்கறது தப்பா? அப்படியே இதுமாதிரி வேற கேம் இருந்தாலும் சொல்லுங்க, இது முடிஞ்சதும் என்ன பண்றதுன்னு இப்பவே கவலையா இருக்கு.

---

கார்டுகிறுக்கன்:

வாங்க தல, இந்த கேமை இப்போ போட்டு விளையாட ஒருத்தர் இருக்காரே, அதுவே சந்தோஷம்.

பிடிக்கறது தப்பே இல்ல, எல்லாத்தையும் பிடிங்க, கேமோட பாதி சுகமே அதுலதான் இருக்கு. ஆனா சேக்கறது வேற, தூக்கிட்டுப் போறது வேற, இந்த ரெண்டையும் நீங்க ஒண்ணாக்கிட்டீங்க. மத்த ஆர்பிஜில (கதாபாத்திரமா மாறி சாகசம் பண்ற கேம்) பைல ஐம்பது சாமான் கிடந்தா யாருக்கும் நஷ்டமில்ல, உபயோகப்படாதது ஓரமா கிடக்கும். இங்க அப்படி கிடையாது. உருப்படாத கார்டு ஒண்ணு கைல வந்து உக்காந்துச்சுன்னா 4 இடத்துல ஒரு இடம் போச்சு, அதைத் தள்ளி விடணும்னா அந்த கார்டு வீண், எறிஞ்சா கல் வீண். கார்டுன்னா ஆல்பத்துல ஒட்டி வைக்கற ஸ்டாம்ப் இல்ல, தோட்டா. சுட்டா போச்சு, பொதுவா அந்த லெவல் முடியற வரைக்கும் திரும்பி வராது.

இப்போ வகைக்கு வருவோம், ஏன்னா உங்க சிக்கல் எந்த ஜந்துங்கறதுல இல்ல, எந்த வகைங்கறதுலதான்னு நினைக்கறேன். ஆயுத வகை கார்டுன்னா அந்த ஜந்து உங்க முன்னாடி வந்து ஒரு வீச்சு வீசிட்டு மறைஞ்சிடும், ஆனா ஒரே கார்டை சில தடவை உபயோகிக்கலாம். சம்மன் வகை பெருசா ஒரு வெடி, எல்லாரையும் தூக்கி அடிக்கும், ஆனா கல் எக்கச்சக்கமா தின்னும், ஒரே தடவைதான். சுயேச்சையா திரியற வகைன்னா நீங்க இறக்கி விட்டுட்டா அதுவே எதிரியைத் தேடிப் போய் அடிக்கும், நீங்க ஓடி ஒளிஞ்சு கல் பொறுக்கலாம். புதுசா விளையாடறவங்க எல்லாரும் செய்யறது என்னன்னா சம்மன் கார்டு பாக்க பிரமாதமா இருக்கேன்னு அதையே எட்டு பத்து போட்டுடறாங்க, மூணு சண்டைல கல்லு காலி.

நான் போடற டெக்ல பாதிக்குப் பாதி ஆயுத வகைதான். வழில வர்ற சில்லறை எதிரிங்களுக்கு அதுவே போதும், ஒரு கார்டுலயே ஒரு சண்டையை முடிச்சிடலாம், எதிரியை அடிக்கும்போது சிதறற கல்லையும் கிட்டவே நின்னு பொறுக்கிக்கலாம். சுயேச்சை வகை ஒரு எட்டு. சம்மன் நாலு, அதுவும் பாஸுக்குன்னே. மிச்சம் உயிர் ஏத்தறது, அந்த மாதிரி.

உயிர் ஏத்தற கார்டு பத்தி ஒரு கணக்கு சொல்றேன், இது எனக்கு ரொம்ப உதவின கணக்கு. 30 கார்டுல உயிர் ஏத்தறது 3 வச்சிருந்தா, ஆரம்பத்துல வர்ற 4 கார்டுல ஒண்ணாவது அதுவா இருக்க வாய்ப்பு சுமார் 36 சதவீதம்தான். 5 வச்சா 54 சதவீதம். 1 தான் வச்சிருக்கீங்கன்னா 13 சதவீதம், அதாவது இல்லாத மாதிரிதான். நீங்க எல்லாத்துலயும் ஒண்ணொண்ணு வச்சிருக்கேன்னு சொல்றீங்க பாருங்க, அதுக்கு என்ன அர்த்தம்னா எந்த கார்டும் தேவைப்படற நேரத்துல கைல இருக்காது. அதே ஜந்துதான் அஞ்சு வேணும்னு இல்ல, அதே வேலையைச் செய்யறது அஞ்சு இருந்தா போதும்.

அப்புறம் தனிமம். நெருப்பு, தண்ணி, மண், மரம், எதுலயும் சேராததுன்னு பிரிவு இருக்கு, தண்ணி நெருப்பை அமுக்கும், நெருப்பு மரத்தை எரிக்கும். லெவலுக்கு உள்ள போனதும் என்ன மாதிரி எதிரி வர்றான்னு பாத்துட்டு, செத்தாலும் பரவால்ல வெளிய வந்து டெக்கை மாத்திட்டு திரும்பப் போங்க. ஒரே டெக்கோட கேம் முழுக்க ஓட்டணும்னு நினைக்காதீங்க, இந்த கேம் அதுக்கு விடாது.

---

ராத்திரி ஆந்தை:

கிறுக்கன் சொல்றதுல கணக்கு சரி, மனசு சரியில்ல 😄

ப்ரோ இது சின்ன கேம். நிதானமா விளையாடினாலே பத்து மணி நேரத்துக்குள்ள கதை முடிஞ்சிடும். இதுக்குப் போய் சதவீதம் போட்டு டெக் கட்டி உக்காந்தீங்கன்னா பாதி ஜந்து என்ன பண்ணும்னு பாக்காமயே கேம் முடிஞ்சிடும். முதல் பாகத்துல நூத்துக்கும் மேல கார்டு இருக்கு, ஒவ்வொண்ணும் வர்ற விதமே தனி அழகு, அதை ரசிக்காம ஆயுதக் கார்டையே பதினஞ்சு வச்சு வீசிட்டிருந்தா அது என்ன விளையாட்டு. முதல் தடவை ஒண்ணொண்ணு போட்டுதான் ஆடணும், அப்பதான் எது பிடிக்குதுன்னே தெரியும். உங்க டெக் தப்பு இல்ல, நீங்க எல்லா சண்டைக்கும் தாராளமா செலவு பண்றதுதான் தப்பு.

இதைக் கவனிங்க. வழில நடக்கும்போது திடீர் திடீர்னு சண்டை வருதுல்ல, அது ரேண்டம். ஒரே இடத்துல சுத்திட்டிருந்தா சும்மா சும்மா வந்துட்டே இருக்கும். பெட்டி இருக்கான்னு ஒவ்வொரு மூலையா ரெண்டு தடவை போய்ப் பாக்கறவங்களுக்குதான் டெக் காலியாகும். முதல் தடவை போகும்போது முழு லெவலையும் துழாவுங்க, பாஸ் பக்கமே போக வேணாம். ரெண்டாவது தடவை நேரா பாஸ். அவ்ளோதான், அதே டெக் போதும்.

சதவீதம் எல்லாம் ஆரம்பத்துல வர்ற 4 கார்டுக்குதான், நீங்க ஒரு லெவல்ல 30ம் எறியப் போறீங்க, ஒண்ணு வச்சாலும் எப்பவோ ஒரு தடவை வந்துதான் தீரும்.

---

கார்டுகிறுக்கன்:

எப்பவோ ஒரு தடவை வரும், சரி. அது பாஸ்கிட்ட வருமா வௌவால்கிட்ட வருமாங்கறதுதானே கேள்வி. வௌவால்கிட்ட வந்தா உயிர் முழுசா இருக்கும்போது உயிர் ஏத்தற கார்டை வச்சுக்கிட்டு ஒரு இடத்தை அடைச்சிட்டு திரியணும், மூணே பட்டன்ல சண்டை போடணும்.

ஆனா லெவலை ரெண்டு தடவையா பிரிச்சுப் போற யோசனை நல்ல யோசனை, அதை ஒத்துக்கறேன். நீளமான லெவல்ல நானும் அப்படித்தான் போவேன்.

---

மூடுபனி88:

ரெண்டு பேருக்கும் நன்றி. ரெண்டையும் கலந்து பாக்கறேன். இன்னொரு சந்தேகம், கார்டுக்கு அனுபவப் புள்ளி சேருதுல்ல, சேந்த பிறகு அதை வேற ஜந்தா மாத்தலாம்னு காட்டுது, இல்ல அதே கார்டுல இன்னொரு நகல் எடுத்துக்கலாம்னு காட்டுது. நான் இதுவரைக்கும் கண்ணை மூடிட்டு மாத்திட்டே இருந்தேன், மேல மேல பெரிய ஜந்து வரும்னு. சரிதானே?

அப்புறம் ஜந்தைப் பிடிக்கறதுக்கு எப்போ கார்டை எறியணும்? பாதி நேரம் செத்துப் போயிடுது, பாதி நேரம் பிடிபடல.

---

கார்டுகிறுக்கன்:

பெருசா இருக்கறது எல்லாம் நல்லதுன்னு இல்ல தல. பெரிய ஜந்துன்னா கல் விலையும் கூடும். இப்போ உங்களுக்கு கல் பத்தலைன்னு சொல்றீங்க, அதுக்கு ஒரு காரணம் இதுவாத்தான் இருக்கும், எல்லாத்தையும் மேல ஏத்தி ஏத்தி டெக் முழுக்க காஸ்ட்லி ஆகிப்போச்சு. கல் கம்மியா தின்னற நம்பகமான ஆயுதக் கார்டு ஒண்ணு இருந்தா அதை மாத்தாதீங்க, நகல் எடுங்க. எப்பவாவது உபயோகிக்கற கார்டை மாத்திப் பாருங்க, போனா போகுது.

பிடிக்கறதுக்கு சம்மன் வேணாம், ஒரே அடில காலி பண்ணிடும். சுயேச்சையா திரியறதும் வேணாம், அது உங்க பேச்சைக் கேக்காது, நீங்க பிடிக்கலாம்னு கிட்ட போறதுக்குள்ள அது அடிச்சுக் கொன்னுடும். சின்ன ஆயுதக் கார்டால கொஞ்சம் கொஞ்சமா தேய்ச்சு, உயிர் அடிமட்டத்துக்கு வந்ததும் எறியணும். கூட்டமா வந்தா மத்தவனை முதல்ல முடிச்சிட்டு வேணுங்கறவனை கடைசியா வச்சுக்கோங்க.

---

ராத்திரி ஆந்தை:

இதுல நான் கிறுக்கன் கட்சி. நகல் எடுங்க.

ரெண்டாவது பாகம் பத்தி யாரும் சொல்லலையே, லாஸ்ட் கிங்டம்ஸ் 2, 2003ல வந்தது. கதாநாயகி டாராங்கற திருடி, இளவரசி கிடையாது. அதுல ரேண்டம் சண்டையே இல்ல, எதிரிங்க மேப்லயே நின்னுட்டிருப்பாங்க, பாத்துட்டு சுத்திக்கிட்டும் போகலாம். உங்க டெக் காலியாகற பிரச்சினைக்கு அதுவே பாதி மருந்து. கார்டு இருநூறுக்கும் மேல. இயந்திர வகைன்னு புதுசா ஒண்ணு சேத்திருக்காங்க, அப்புறம் டாராவே ஜந்தா உருமாறிக்கற கார்டு இருக்கு, பள்ளத்தைத் தாண்டணும்னா பறக்கறதா மாறணும், அந்த மாதிரி. முதல் பாகத்துல இருக்கற அந்த வெறிச்சோடின ஊர், மூடுபனி, ஆளே இல்லாத அமைதி எல்லாம் எனக்கு இன்னும் பிடிக்கும், ஆனா விளையாட்டுன்னு பாத்தா ரெண்டாவதுதான் மேல.

---

பொன்வண்டு:

இதே மாதிரி வேற கேம் கேட்டீங்களே அதுக்கு மட்டும் சொல்லிட்டுப் போறேன், லாஸ்ட் கிங்டம்ஸ் நான் கொஞ்சம்தான் ஆடினது, கேமராவோட எனக்கு ஒத்துப்போகல.

ஜந்தைப் பிடிச்சு கார்டாக்கறதுதான் பிடிச்சிருக்குன்னா முதல்ல வாய்ஸ் ஆஃப் கார்ட்ஸ் வரிசையைப் பாருங்க, ஸ்கொயர் எனிக்ஸ் பண்ணது, நியர்ங்கற கேமைப் பண்ண யோகோ தாரோதான் இதுக்கும் கிரியேட்டிவ் டைரக்டர். 2021 அக்டோபர்ல முதல் கேம் வந்துச்சு, 2022ல இன்னும் ரெண்டு. அதுல ஊரு காடு ஆளுங்க எல்லாமே கார்டுதான், மேசை மேல கார்டு பரப்பி வச்சு ஒருத்தர் கதை சொல்லிட்டே போவார், நீங்க காயை நகத்திட்டே போகணும், கார்டைத் திருப்பினா பின்னாடி அந்த ஜந்தோட கதை எழுதியிருக்கும். மூணுல உங்களுக்கு வேண்டியது கடைசில வந்த பீஸ்ட்ஸ் ஆஃப் பர்டன், அதுலதான் எதிரியைக் கார்டா பிடிச்சு உங்க ஆளுங்களுக்கு திறமையா மாட்டிவிடலாம். டர்ன் பேஸ்டுதான், அவசரமே இல்ல, சண்டை கொஞ்சம் மெதுவாத்தான் போகும், அதுக்கு பொறுமை வேணும். மூணுக்கும் கதை தனித்தனி, எதுல வேணா ஆரம்பிக்கலாம்.

இன்னொண்ணு பேட்டன் கைட்டோஸ், இதைச் சொல்லாம விட்டா எனக்கு தூக்கம் வராது. இதுவும் கேம்க்யூப்தான், ஜப்பான்ல 2003 கடைசில வந்தது, மோனோலித் சாஃப்ட்டும் ட்ரை கிரெசெண்டோவும் சேந்து பண்ணது. ஆகாயத்துல மிதக்கற தீவுங்க, அங்க மனுஷங்களுக்கு இறக்கை, காலாஸ்னு ஒரு பையன், அவன்கூட இருக்கற காவல் ஆவிதான் நீங்க, அவன் உங்ககிட்ட நேராவே பேசுவான். கார்டுக்கு மேக்னஸ்னு பேரு. உலகத்துல இருக்கற எந்த பொருளோட சாரத்தையும் கார்டுல அடைச்சு எடுத்துட்டுப் போகலாம், அதனால ஜந்தை விட சாமான்தான் அதிகம், அதை முன்னாடியே சொல்லிடறேன். கார்டோட மூலைல நம்பர் இருக்கும், வரிசையா போட்டாலோ ஒரே நம்பரா ஜோடி சேத்தாலோ அடி கூடும், நேரம் ஓடிட்டே இருக்கும்போது இதை யோசிச்சு கைல இருக்கற கார்டை போட்டுட்டே போகணும், முதல் சில மணி நேரம் ஒண்ணுமே புரியாது அப்புறம் கை தானா போகும். ஆனா நான் சொல்ல வந்தது அது இல்ல, அதுல கார்டுக்கு வயசாகும்! விளையாடற நேரத்தைப் பொறுத்து வாழைக்காய் பழுக்கும், பழுத்தது அழுகும், பால் வேற ஏதோ ஆகும், நேத்து வரைக்கும் உயிர் ஏத்தின சாப்பாடு இன்னிக்கு எதிரி மேல எறியத்தான் லாயக்குன்னு ஆகிடும். ஷாம்பூ கார்டு ஒண்ணு இருக்கு, அது அடுத்த கார்டா மாற 336 மணி நேரம் ஆகும். ஆமா சரியாத்தான் டைப் பண்ணியிருக்கேன், முழு ரெண்டு வாரம், கேம் ஓடிட்டே இருக்கணும். அதனாலதான் அதை நூறு சதவீதம் முடிக்கற ஸ்பீட்ரன்னே (எவ்ளோ வேகமா முடிக்கலாம்ங்கற பந்தயம்) ரெண்டு வாரத்துக்குப் போகுது.

அதோட ரெண்டு பாகத்தையும் சேத்து 2023ல நிண்டெண்டோ ஸ்விட்ச்ல ஹெச்டி பண்ணி விட்டாங்க, பிசிலயும் வந்துடுச்சு, சண்டை வேகத்தைக் கூட்டற வசதி எல்லாம் இருக்கு. அதுல ஆரம்பிங்க.

---

ராத்திரி ஆந்தை:

ஷாம்பூ மேட்டர் தெரிஞ்சுதான் நான் அந்த கேமை முழுசா சேக்கற ஆசையை விட்டேன். அது மாறி வர்றது என்ன கார்டு தெரியுமா? பளபளன்னு தலைமுடி. ரெண்டு வாரம் கரண்டை எரிச்சுட்டு முடி.

---

கார்டுகிறுக்கன்:

பழசா போகணும்னா 1997ல மைக்ரோப்ரோஸ் பண்ண மேஜிக் த கேதரிங் பிசி கேம் இருக்கு. நிஜமாவே விக்கற மேஜிக் கார்டை வச்சு ஒரு ஆர்பிஜி. மேப்ல சுத்தற எதிரிங்க வழிமறிப்பாங்க, கார்டு பந்தயம் வச்சு ஆடணும், தோத்தா உங்க கார்டு போச்சு. டெக்ல ஒவ்வொரு கார்டையும் எதுக்கு வச்சிருக்கோம்னு யோசிக்க அதை விட நல்ல பள்ளிக்கூடம் இல்ல. சீட்டு விளையாட்டும் போர்டு கேமும் கலந்து வேணும்னா கல்ட்செப்ட், அதுவும் 1997தான், முதல்ல சேகா சாட்டர்ன்ங்கற கேம் மெஷின்ல வந்தது, கட்டத்துல ஜந்தை நிறுத்தி இடத்தைப் பிடிச்சு அந்த பக்கம் வர்றவன்கிட்ட வசூல் பண்ற மாதிரி. அது ஆர்பிஜின்னு சொல்ல முடியாது, ஆனா கார்டு பைத்தியம் இருந்தா விடமாட்டீங்க.

---

மூடுபனி88:

அடேங்கப்பா, இதுக்கே ஒரு வருஷம் போயிடும் போல. வாய்ஸ் ஆஃப் கார்ட்ஸ் குறிச்சு வச்சுக்கிட்டேன், பேட்டன் கைட்டோஸ் பக்கம் ஷாம்பூவைத் தொடாம போறேன் 😅

டெக்கைப் பிரிச்சுப் போட்டு பாத்தேன். சம்மன் மட்டும் ஒன்பது இருந்துச்சு, அஞ்சை வெளிய எடுத்துட்டேன், எடுக்க மனசே வரல. உயிர் ஏத்தறது மொத்தமா ரெண்டுதான் கிடைச்சிருக்கு, அதுல ஒண்ணை நகல் எடுக்க புள்ளி சேத்துட்டிருக்கேன். கல் இப்போ பாஸ் வரைக்கும் நிக்குது. பாஸ் இன்னும் சாகல, அது வேற.

ரெண்டாவது பாகம் கிடைச்சா உடனே போட்டுடலாம்னு இருக்கேன். இது ரெண்டும் டிஸ்க்லதான் ஆடணுமா?

---

ராத்திரி ஆந்தை:

டிஸ்க்தான். வாங்கும்போது உங்க மெஷின் எந்த ரீஜன்னு (எந்த நாட்டுல விக்கறதுக்குப் பண்ணதுன்னு) பாத்துட்டு அதே ரீஜன் டிஸ்க்கா வாங்குங்க, ஜப்பான் டிஸ்க்னா அட்டைல ரூன்னு பேரு போட்டிருக்கும், அது ஜப்பான் மெஷின்லதான் ஓடும், எழுத்தும் ஜப்பானீஸ்தான். கேம்க்யூப் இல்லைன்னா ஆரம்பத்துல வந்த நிண்டெண்டோ வீ (Wii) மாடல்ல ஓடும், மேல மூடியைத் திறந்தா கேம்க்யூப் கன்ட்ரோலர் சொருகற ஓட்டை இருக்கா பாருங்க, இருந்தா ஆச்சு. பின்னாடி வந்த மாடல்ல அதை எடுத்துட்டாங்க. வீ ரிமோட்டை வச்சு ஆட முடியாது, கேம்க்யூப் கன்ட்ரோலரும் மெமரி கார்டும் தனியா வேணும், மெமரி கார்டு இல்லாம ஆரம்பிச்சுடாதீங்க, சேவ் ஆகாது.

அந்த பாஸ் எந்த தனிமம்னு சொல்லவே இல்லையே நீங்க. உங்க டெக் முழு லிஸ்ட்டையும் இங்க போடுங்க, கிறுக்கன் எப்படியும் கால்குலேட்டரோட உக்காந்திருப்பான்.